வீட்டுக்கு ரோபோ வாக்குவம் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்ததும் பார்ப்பது, சோபாவுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வரும் அந்த வட்டத் தட்டைத்தான், தானே ஓடித் தரையைப் பெருக்கும் எங்கள் ரோபோ வாக்குவத்தை. அம்மா அதற்கு வைத்த பெயர் ஆமை. “எவ்வளவு ஆச்சு, நல்லாப் பெருக்குமா” என்று தொடங்கும் விசாரணை காபி ஆறும்வரை நீளும். ஐந்து வருடமாக, இரண்டு ஆமைகளோடு குடித்தனம் நடத்தியதில் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எங்களுடையது சென்னையில் பெரிய சாலையை ஒட்டிய இரண்டு படுக்கையறை ஃபிளாட். தரை முழுக்க வழவழப்பான டைல்ஸ். நீளமுடிக்காரர்கள் மூன்று பேர். உங்கள் வீடு வேறு மாதிரி என்றால் பதிலும் கொஞ்சம் மாறும்.

இது வந்துவிட்டால் துடைப்பமே வேண்டாமா?

வேண்டும். வேலைக்கு வரும் அக்கா முதல் நாளே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதுக்கு மூலை தெரியலைங்களே” என்றார். சரியாகத்தான் சொன்னார். வட்டமான பொருள் மூலைக்குள் போகாது. பக்கவாட்டில் சுழலும் சின்ன பிரஷ் அங்கிருக்கும் குப்பையைக் கொஞ்சம் வெளியே இழுத்துத் தரும், அவ்வளவுதான். ஒட்டடை அடிக்காது, ஜன்னல் திண்டைத் தொடாது, கொட்டிய ரசத்தை நக்கவும் கூடாது.

அது செய்யும் வேலை வேறு. சாலையோர வீட்டில் காலையில் பெருக்கினால் மாலையில் பாதம் நறநறக்கும். தினமும் ஒரு நடை, கட்டிலுக்கு அடியிலும் சேர்த்து ஓடினால் அந்த நறநறப்பு போய்விடும். எங்கள் வீட்டில் இப்போது அக்கா வாரம் இரண்டு நாள் மூலை, ஓரம், கதவிடுக்கு மட்டும் பார்க்கிறார்.

4,000 பாஸ்கல், 8,000 பாஸ்கல், 20,000 பாஸ்கல் என்று போட்டிருக்கிறார்களே, எது வாங்குவது?

விளம்பரத்தில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது இந்த எண்தான். முடிவெடுக்க மிகக் குறைவாக உதவுவதும் இதுதான் என்பேன்.

பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு. 5,000 பாஸ்கல் என்றால், நின்றிருக்கும் குழாயில் தண்ணீரைச் சுமார் அரை மீட்டர் உயரத்துக்கு இழுக்கும் பலம். கருவியின் அதிகபட்ச வேகத்தில் எடுத்த எண்ணைத்தான் பெட்டியில் அச்சிடுவார்கள். தினமும் நீங்கள் ஓட்டப்போவது நடுத்தர வேகத்தில். அப்போது அந்தப் பலம் இருக்காது. தவிர, குப்பையைத் தூக்குவது இழுவிசை மட்டும் அல்ல. எவ்வளவு காற்று ஓடுகிறது, அடியிலுள்ள பெரிய பிரஷ் தரையை எப்படித் தொடுகிறது, ஃபில்டர் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்த விஷயம். ஃபில்டரில் மாவுத்தூள் அடைத்துக்கொண்டால் பத்தாயிரமும் ஒன்றுதான், இரண்டாயிரமும் ஒன்றுதான்.

வழவழ டைல்ஸுக்கும் கிரானைட்டுக்கும் 3,000 போதும். கனமான கார்ப்பெட் விரித்த வீடு, டைல்ஸ் இணைப்புகள் பள்ளமாக இருக்கும் பழைய தரை, நாய் வளர்க்கும் வீடு என்றால் அதற்கு மேல் போவதில் அர்த்தம் இருக்கிறது. மற்றபடி அந்த எண்ணுக்காகக் கூடுதலாகப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் கருவியைப் பார்க்காதீர்கள், வீட்டைப் பாருங்கள். ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள்.

கட்டில், சோபா, பீரோ ஆகியவற்றின் அடி இடைவெளியை அளக்க வேண்டும். அறையை அளக்கத் தலையில் லேசர் கோபுரம் உள்ள கருவிகள் பெரும்பாலும் 9.5 முதல் 10 செ.மீ. உயரம் இருக்கும். கோபுரம் இல்லாதவை 8 செ.மீ. அளவில் வரும். நான் முதல் தடவை இதைச் செய்யவில்லை. எங்கள் சோபாவின் முன்பக்கம் 10 செ.மீ., பின்பக்கம் துணி தொய்ந்து 9 செ.மீ. ஆமை முன்பக்கம் ஜம்மென்று நுழைந்து, நடுவில் சிக்கி, “உதவி தேவை” என்று பெண் குரலில் ஆங்கிலத்தில் புலம்பும். நாங்கள் ஒட்டடைக் குச்சியால் குத்தி வெளியே தள்ளுவோம். கடைசியில் சோபாவின் நான்கு காலுக்கும் தச்சரிடம் சொல்லி 2 செ.மீ. கட்டை வைத்தோம்.

அடுத்தது வாசற்படி. சாதாரணக் கருவிகள் 2 செ.மீ. வரை ஏறும். நம் ஊர்க் குளியலறைப் படி அதைவிட உயரம். அங்கே அது போகாமலிருப்பது நல்லதுதான். ஆனால் பழைய வீடுகளில் அறைக்கு அறை நிலைப்படி உண்டு. மரத்தில் நாலு விரல் உயரத்துக்கு நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஆமையை அறை அறையாக நீங்கள்தான் தூக்கி வைக்க வேண்டும். ஒரு மாதம் தூக்குவீர்கள். அப்புறம் அது மூலையில் தூங்கும்.

மூன்றாவது, தரையில் கிடப்பவை: டிவிக்குப் பின்னால் தொங்கும் வயர், சார்ஜர், ஜமுக்காள ஓரத்துக் குஞ்சம், மெல்லிய கால்மிதி, கட்டிலிலிருந்து தரை தொடும் போர்வை. இவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுமை உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேசர், கேமரா, ஜைரோ என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

2002-இல் ஐரோபோட் நிறுவனம் ரூம்பா என்ற ரோபோ வாக்குவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு வீடு எப்படி இருக்கும் என்றே தெரியாது. போகும், முட்டும், திரும்பும், வேறு பக்கம் போகும். ஒரே இடத்தைப் பல தடவை பெருக்கும், இன்னொரு இடத்தை விட்டுவிடும். 2010-இல் நீட்டோ என்ற அமெரிக்க நிறுவனம் சுழலும் லேசரை வைத்து அறையை அளந்து வரைபடம் போடும் கருவியைக் கொண்டுவந்தது. இப்போது நடுத்தர விலைக் கருவிகளில்கூட அந்த முறைதான்.

ஜைரோ, அதாவது திரும்பும் கோணத்தை உணரும் சென்சார், உள்ளவை தாம் எவ்வளவு திரும்பினோம், எவ்வளவு தூரம் வந்தோம் என்று மனக்கணக்குப் போட்டு ஓடும். சக்கரம் ஒரு தடவை வழுக்கினால் கணக்கு தப்பிவிடும். எங்கள் முதல் ஆமை அந்த வகை. ஹால் முடிந்ததாக நினைத்துக்கொண்டு பாதி ஹாலிலிருந்து சார்ஜ் ஏறும் இருப்பிடத்துக்குத் திரும்பும். விலை குறைவு, ஒரே அறை வீட்டுக்குச் சரிப்படும்.

கேமராவைக் கொண்டு கூரையையும் சுவரையும் அடையாளம் வைத்து ஓடுபவை வெளிச்சத்தில் நன்றாக ஓடும், இருட்டில் தடுமாறும். லேசருக்கு இருட்டும் பகலும் ஒன்று. அதற்கு எதிரி கண்ணாடி. தரைவரை இறங்கும் நிலைக்கண்ணாடி இருந்தால் அதற்குள் இன்னொரு அறை இருப்பதாக வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளும். எங்கள் வரைபடத்தில் பக்கத்து ஃபிளாட்டுக்குள் நீளும் ஒரு அறை ரொம்ப நாள் இருந்தது.

வயர், சாக்ஸ், நாய்க் கழிவு போன்ற சின்னப் பொருள்களைப் பார்த்து ஒதுங்குவது தனி வசதி. அதற்கு முன்பக்கம் கேமராவோ ஒளிக்கோடு வீசும் சென்சாரோ வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். கழிவின் மேல் ஏறிய ரோபோ அதோடு வீடு முழுக்க வரிவரியாகப் பூசிவிட்டுத்தான் நிற்கும். 2021-இல் ஒரு ரூம்பா மாடலுக்கு, நாய்க் கழிவை ஒதுக்கத் தவறினால் கருவியையே மாற்றித் தருவோம் என்று நிறுவனம் வாக்குறுதி கொடுத்து விற்றது என்றால் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தரை துடைக்கவும் செய்யுமாமே?

செய்யும். ஆனால் “துடைக்கும்” என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தரம் இருக்கிறது.

விலை குறைந்தவற்றில் பின்னால் ஒரு ஈரத்துணியை மாட்டி இழுத்துக்கொண்டே போகும். அழுத்தம் கிடையாது. தூசி ஒட்டும், கறை போகாது. முதல் அறையில் எடுத்த அழுக்கை மூன்றாவது அறையில் தடவும். அடுத்த தரத்தில் இரண்டு வட்டத் துணிகள் அழுத்திச் சுழலும், அல்லது ஒரு உருளைத் துணி ஓடும். இவை காய்ந்த காபிச் சொட்டை இரண்டு நடையில் எடுத்துவிடும். மேல் தரத்தில் கருவி அவ்வப்போது தன் இருப்பிடத்துக்குத் திரும்பித் துணியை அலசிக்கொண்டு வரும், வேலை முடிந்ததும் சூடான காற்றில் காய வைக்கும். உண்மையில் துடைப்பது என்று சொல்லத் தக்கது இதுதான், விலையும் அதற்கேற்ப.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. தண்ணீர்த் தொட்டியில் ஃபினாயிலோ ஆசிடோ ஊற்றாதீர்கள். உள்ளே மெல்லிய குழாயும் சின்ன பம்பும் இருக்கின்றன, ரப்பர் பாகங்கள் வீணாகும். நிறுவனம் சொல்லும் திரவத்தை விடுங்கள், இல்லையென்றால் வெறும் தண்ணீரே போதும். அப்புறம் போர்த் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்பு அந்தக் குழாயிலும் படியும். நாங்கள் குடிநீர் சுத்திகரிப்பான் கழித்துவிடும் தண்ணீரை ஊற்றிப் புத்திசாலித்தனம் காட்டினோம். அதில்தான் உப்பு அதிகம் என்பது பம்ப் அடைத்த பிறகு புரிந்தது. சுத்திகரித்த நல்ல தண்ணீரை ஊற்றுங்கள்.

அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைச் சித்திரை மாதத்தில் ஒருநாள் கொட்ட மறந்துவிட்டால் மறுநாள் ஹாலில் உட்கார முடியாது.

கோலம் போடுகிற வீடு. என்ன செய்வது?

வாசலில் போடும் கோலத்துக்கு ஆபத்தில்லை, ஆமை வெளியே போகாது. பூஜை அலமாரி முன்னால் மாக்கோலம் போடும் வீடுகளில்தான் சிக்கல். ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மா இழைக்கோலம் போட்டு, விளக்கேற்றி, பூப் பறிக்க மொட்டை மாடிக்குப் போனார். ஒன்பது மணிக்கு ஓடும்படி நான் நேரம் வைத்திருந்தது யாருக்கும் நினைவில்லை. ஆமை வந்தது, ஈர மாவில் பாதியை உள்ளே இழுத்தது, மீதியைச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு ஹாலுக்குள் போனது. ஹால் நடுவில் இரண்டு வெள்ளைக்கோடுகள், தண்டவாளம் மாதிரி. ஈர மாவு உள்ளே போய்க் காய்ந்தால் பசை. குப்பைத் தொட்டி, ஃபில்டர், காற்றுவழி எல்லாவற்றையும் பிரித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன்.

வரைபடம் போடும் கருவி என்றால் செயலியில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து “இங்கே போகாதே” என்று சொல்லிவிடலாம். நவராத்திரியில் கொலுப்படி முன்னால், பார்க் பொம்மைகள் பரப்பிய இடத்துக்கும் அப்படித்தான் பத்து நாள் தடை போடுகிறோம். வாங்கும் முன் இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு இது பாஸ்கலைவிட முக்கியம்.

நீளமுடி சிக்குமா?

சிக்கும். சிக்காது என்று போட்டிருந்தாலும் சிக்கும், குறைவாக. நைலான் மயிர்க்கற்றை பிரஷைவிட முழு ரப்பர் பிரஷில் எடுப்பது சுலபம்.

பெரிய பிரஷில் சுற்றிய முடி கண்ணுக்குத் தெரியும், வெட்டி எடுத்துவிடலாம். தெரியாத இடம் இரண்டு: பிரஷின் இரு முனையிலும் கழற்றக்கூடிய மூடிக்குள், அப்புறம் முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரத்தின் அச்சில். மாதம் ஒருமுறை அந்தச் சக்கரத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள், பிடுங்கிக்கொண்டு வரும். அதற்குள் முடியும் தூசியும் எண்ணெய்ப்பிசுக்கும் சேர்ந்து ஒரு கறுப்பு வளையம் இருக்கும். அது இறுகினால் சக்கரம் சுழலாமல் தேயும், டைல்ஸில் கோடு விழும்.

மின்விசிறி ஓடும்போது ஆமையை விடாதீர்கள். முடிச்சுருள் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், அது துரத்தும்.

தரை கறுப்பு கிரானைட். ஓடுமா?

கேட்டுவிட்டு வாங்குங்கள். படியிலிருந்து விழாமலிருக்க அடியில் அகச்சிவப்பு சென்சார்கள் உண்டு. தரையில் பட்டுத் திரும்பும் ஒளி குறைந்தால் “பள்ளம்” என்று நினைத்து நிற்கும். அடர்கறுப்புத் தரையும் ஒளியை விழுங்கிவிடும். சில கருவிகள் கறுப்புக் கால்மிதி ஓரத்தில்கூட பயந்து பின்வாங்கும். சென்சாரின் மேல் டேப் ஒட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் மாடிப்படி இருந்தால் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

தானே குப்பையைக் கொட்டிக்கொள்ளும் இருப்பிடம் தேவையா?

கருவிக்குள் இருக்கும் தொட்டி பெரும்பாலும் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர். தினமும் ஓடினால் தினமும் கொட்ட வேண்டும். இருப்பிடத்தில் உள்ள பை இரண்டரை, மூன்று லிட்டர் பிடிக்கும், ஓரிரு மாதம் தாங்கும். தூசி ஒவ்வாமையோ வீசிங்கோ உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது நல்ல செலவு, கொட்டும்போது தூசி முகத்தில் அடிக்காது. மற்றவர்களுக்குச் சோம்பேறித்தனத்தின் விலை. எனக்குச் சோம்பேறித்தனம் உண்டு, வாங்கினேன். உறிஞ்சும் அந்தப் பத்துப் பதினைந்து நொடி மிக்ஸி ஓடுவதுபோல் சத்தம் வரும். குழந்தை தூங்கும் நேரத்தைத் தவிர்க்கச் செயலியிலேயே நேரம் வைக்கலாம்.

பையைத் தொடர்ந்து வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பையனிடம் வாங்கிவரச் சொல்லலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரோபோவை மட்டும் சார்ஜ் செய்யும் எளிய இருப்பிடங்கள் பல இரண்டு மின்னழுத்தத்திலும் வேலை செய்யும். ஆனால் குப்பை உறிஞ்சும் பெரிய இருப்பிடங்கள் அங்குள்ள 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டவையாக இருக்கும். நம் 230 வோல்ட்டில் செருகினால் முடிந்தது கதை. அடியில் உள்ள ஒட்டுச்சீட்டில் 100-240 என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சீனச் சந்தைக்கான மாடல்களில் செயலி நம் ஊர்க் கணக்கை ஏற்காமல் போகலாம். உத்தரவாதமும் இங்கே செல்லாது.

கேமரா வைத்த ரோபோ வீட்டைப் படம் எடுக்குமா?

பயம் அநாவசியமானது இல்லை. 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. ரூம்பா சோதனைக் கருவிகள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படம் உட்பட, சமூக ஊடகக் குழுக்களில் பகிரப்பட்டிருந்தன. அவை கடையில் விற்றவை அல்ல, ஒப்புதலோடு சோதனைக்குக் கொடுக்கப்பட்டவை. படங்களுக்குக் குறிப்பெழுத அமர்த்தப்பட்டவர்கள் வழியாக அவை கசிந்தன. 2024-இல் அமெரிக்காவில் சில வீடுகளில் ஈகோவாக்ஸ் என்ற சீன நிறுவனத்தின் ரோபோக்களை யாரோ ஊடுருவி, அவற்றின் ஒலிபெருக்கி வழியே இனவெறி வசவுகளைக் கத்தினார்கள்.

லேசர் மட்டும் உள்ள கருவிக்குப் படம் எடுக்கத் தெரியாது, வீட்டின் வரைபடம்தான் இருக்கும். எங்கள் இரண்டாவது ஆமையை அதற்காகவே தேர்ந்தெடுத்தோம். கேமரா வேண்டுமென்றால் கடவுச்சொல்லைப் புதிதாக, வேறெங்கும் பயன்படுத்தாததாக வையுங்கள்.

வைஃபை இல்லாமல் ஓடுமா?

பொத்தானை அழுத்தினால் ஓடும். தடை போடுவது, அறை தேர்ந்தெடுப்பது, நேரம் வைப்பது பெரும்பாலும் செயலி வழியாகத்தான். பல கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். “இணையவே மாட்டேங்குது” என்று என்னிடம் வந்த புகார்களில் பாதி, போன் வீட்டு வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்ததால்தான்.

கரண்ட் எவ்வளவு ஆகும்? கரண்ட் போனால்?

5,200 எம்.ஏ.எச்., 14.4 வோல்ட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். முழுதாக ஏற்ற, விரயத்தையும் சேர்த்து, யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. தினமும் ஏற்றினாலும் மாதம் மூன்று யூனிட். துணியைச் சூடான காற்றில் காய வைக்கும் இருப்பிடம் என்றால் இதற்கு மேல்.

ஓடும் நடுவில் கரண்ட் போனால் அதற்குத் தெரியாது, பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போதுதான் பிரச்சினை. இருப்பிடம் விடும் சமிக்ஞையைப் பார்த்துத்தான் அது உள்ளே நுழையும். கரண்ட் இல்லையென்றால் சமிக்ஞையும் இல்லை, வாசலிலேயே அலைந்து நின்றுவிடும்.

மொத்தம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

லேசர் வரைபடமும் சுமாரான துடைப்பும் உள்ளவை தோராயமாக 15,000 முதல் 30,000 ரூபாய். தானே குப்பை கொட்டுபவை அதற்கு மேல். துணியை அலசிக் காய வைப்பவை 50,000-ஐத் தாண்டி ஒரு லட்சத்தை எட்டும். பண்டிகைத் தள்ளுபடியில் நல்ல வித்தியாசம் வரும், அவசரமில்லை என்றால் காத்திருங்கள்.

ஆனால் விலைப்பட்டியலில் இல்லாத செலவு உதிரி பாகம். பக்க பிரஷ், ஃபில்டர், துடைக்கும் துணி எல்லாம் தேயும். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். எங்கள் முதல் ஆமைக்குப் பேட்டரி போனபோது வாடிக்கையாளர் சேவையில் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, “சார், அந்த மாடலுக்குப் பேட்டரி தனியா வராது, புதுசு வாங்கினா பத்து பர்சன்ட் குறைச்சுத் தர்றோம்” என்றார். அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி, இந்த மாடலுக்கு பேட்டரியும் பிரஷும் இந்தியாவில் தனியாகக் கிடைக்கிறதா, சேவை மையம் என் ஊரில் இருக்கிறதா என்பதுதான். கோவையில் மையம் இருந்து நீங்கள் இராமநாதபுரத்தில் இருந்தால், கூரியர் செலவும் மூன்று வாரமும் உங்களுடையது.

பெரிய பெயர் என்பதும் காப்பு இல்லை. லேசரை வீட்டுக்குள் கொண்டுவந்த நீட்டோ 2023-இல் மூடப்பட்டது. ரூம்பாவின் ஐரோபோட் 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது.

மாமியார் பயப்படுகிறார், காலில் ஏறிவிடுமோ என்று.

ஏறாது, முட்டித் திரும்பும். ஆனால் ஊன்றுகோலோடு நடக்கும் பெரியவர்களுக்குத் தரையில் நகரும் பொருள் உண்மையான ஆபத்து, தடுக்கி விழலாம். அவர்கள் இன்னொரு அறையில் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து ஓட்டுங்கள். அம்மா மதியம் சீரியல் பார்க்கும்போது நாங்கள் படுக்கையறைகளை முடிப்போம். சீரியல் சத்தத்தில் ஆமையின் சத்தம் கேட்காது.

யார் வாங்கவே கூடாது?

நிலைப்படி வைத்த பழைய வீட்டுக்காரர்கள். தரையில் பாய் விரித்துப் படுத்து, தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, எந்நேரமும் தரையில் ஆளிருக்கும் சின்ன வீட்டுக்காரர்கள். தவழும் குழந்தையின் பொம்மைகள் பரவிக் கிடக்கும் வீட்டுக்காரர்கள், குழந்தை கொஞ்சம் வளரும்வரை. வாடகை வீட்டில் அடுத்த வருடம் மாறப்போகிறவர்கள் புது வீட்டின் தரையைப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். தெரிந்தவர் வீட்டில் ஒன்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கி உங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். எத்தனை தடவை எழுந்து போய் அதை விடுவிக்க வேண்டியிருந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.